பச்சை விளக்கும் இரண்டு மடங்கு விற்பனையும்

எங்கள் கடைகளின் விற்பனை டேட்டாவைப் பார்த்துக்கொள்ளும் என்னைத் திங்கட்கிழமை காலை விற்பனைப் பிரிவு மேலாளர் கூப்பிட்டார். "சனிக்கிழமை விற்பனை ரெண்டு மடங்கு காட்டுதே சார், பண்டிகை எதுவும் இல்லையே?" என்றார். திரையைத் திறந்து பார்த்தேன். கணக்கைக் கூட்ட இரவில் தானாக ஓடிய எல்லா ஜாப்களும் (ப்ரோக்ராம்களும்) வெற்றி என்று பச்சையில் இருந்தன.

தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. அன்றைய விற்பனையை டேபிளில் எழுதி முடித்த பிறகு, அடுத்த படி மெமரி போதாமல் நின்றிருக்கிறது. ஜாப்களை நேரத்துக்கு ஓட்டும் ஷெட்யூலர் முழு ஜாப்பையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டியிருக்கிறது. பெரிய டேட்டாவைப் பல மெஷின்களில் பிரித்து ஓட்டும் ஸ்பார்க்கில் நாங்கள் எழுதிய ப்ரோக்ராம் அப்பெண்ட் முறையில், அதாவது இருப்பதை அழிக்காமல் கூடவே சேர்த்து எழுதுவது. இருந்த வரிகளோடு அதே வரிகள் இன்னொரு தடவை சேர்ந்துவிட்டன.

இந்த டேட்டா வேலைக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் வெப் அப்ளிகேஷன் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே தப்பு நடந்தால் பக்கம் திறக்காது, உடனே புகார் வரும். இங்கே தப்பு ஓர் எண்ணாக வந்து டாஷ்போர்டில் உட்கார்ந்துகொள்கிறது. கோடிக்கணக்கான வரிகளைக் கூட்டி வந்த எண்ணைக் கையால் யார் சரிபார்ப்பது? இரண்டு மடங்கு என்பதால் கண்ணில் பட்டது. 3 சதவீதம் மட்டும் கூடியிருந்தால் அதை நம்பி அடுத்த மாதச் சரக்கு வாங்கியிருப்பார்கள். அந்த நினைப்பு பல நாள் என்னை விடவில்லை.

2004இல் கூகுளின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் எழுதிய மேப்ரெட்யூஸ் (பெரிய வேலையைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) கட்டுரையிலேயே இதற்கான அடிப்படை இருக்கிறது. அவ்வளவு மெஷின்கள் இருந்தால் ஏதாவது ஒன்று பழுதாவது சகஜம். அதன் வேலையை மறுபடி ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஹடூப்பும் ஸ்பார்க்கும் அந்த வழியில் வந்தவை. மறுபடி ஓடும் என்பதை மனதில் வைத்து நாங்கள் எழுதவில்லை.

சரி, ஒவ்வொரு நாளுக்கும் டேபிளில் ஒரு தனிப் பகுதி (பார்ட்டிஷன்), ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த நாளை மட்டும் அழித்து எழுதுவது என்று மாற்றினோம். பத்து தடவை ஓடினாலும் ஒரே விடை வர வேண்டும். ஆனால் ஸ்பார்க்கில் பார்ட்டிஷன் ஓவர்ரைட் செட்டிங் இயல்பாக ஸ்டாட்டிக் என்று இருக்கும். அதை டைனமிக் என்று மாற்றாமல் எழுதினால் பழைய நாட்கள் மொத்தமும் போய்விடும். இருபது வரி டேட்டாவை வைத்து நாங்கள் எழுதியிருந்த டெஸ்ட்தான் அதைப் பிடித்தது. ப்ரொடக்‌ஷனில் (நிஜ டேட்டாவில்) ஓட்டிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அப்புறம்தான் நோட்புக்குகளில் (ப்ரோக்ராமை எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கும் பக்கங்களில்) சிதறிக் கிடந்த ப்ரோக்ராம்களையெல்லாம், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டுக்கு (Git) கொண்டுவந்தோம். ரிவ்யூ இல்லாமல் எதுவும் போகாது என்று வைத்தோம். முதலில் குழுவில் முணுமுணுப்பு இருந்தது. ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது.

ப்ரோக்ராம் ஒழுங்கானால் மட்டும் போதாது என்பதை ஒரு ஜாயின் (இரண்டு டேபிள்களைப் பொருத்திச் சேர்க்கும் வேலை) காட்டியது. அது பிரிந்து ஓடும் 200 டாஸ்க்குகளில் 199 சில நிமிடங்களில் முடியும். கடைசி ஒன்று மணிக்கணக்கில் ஓடும். கிளஸ்டரில் மெஷின்களைக் கூட்டிப் பெரிதாக்கியும் பயனில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் கடைக்கே போய், பில் போடும் இடத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். மொபைல் நம்பர் தர விரும்பாத வாடிக்கையாளருக்குக் கேஷியர்கள் பத்து ஒன்பதுகளை அடித்துவிடுகிறார்கள். மொபைல் எண்ணை வைத்து ஜாயின் செய்யும்போது ஒரே எண் என்பதால் அந்த பில்கள் எல்லாமே ஒரே டாஸ்க்கில் போய் விழுந்தன. லட்சக்கணக்கான பேர் எங்கள் கணக்கில் ஒரே வாடிக்கையாளராகவும் ஆகியிருந்தார்கள். எந்த லாகிலும் (ஜாப் ஓடிய பதிவிலும்) இது இருக்காது. அவர் போய்ப் பார்த்ததால் தெரிந்தது.

அந்த எண்ணும் டெஸ்ட் டேட்டாவில் ஒரு வரியாகச் சேர்ந்தது. எது தப்பானாலும் அதன் மாதிரி ஒன்றை, என்ன நடந்தது என்ற குறிப்போடு அந்த ஃபைலில் சேர்த்துவிடுவோம். இருபது வரி இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. புதிதாக வருபவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் படிக்கக் கொடுக்கிறேன். கடைசியாகச் சேர்ந்தது இரவு 12.20க்கு வந்த ஓர் ஆன்லைன் ஆர்டர். யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் அது முந்தைய நாள் மாலை 6.50.