கோவில்பட்டி டி.சி.யும் யூ.சி. விண்ணப்பமும்

செப்டம்பர் 12

டேக் என்கிற இட உறுதி விண்ணப்பம் போட்டாகிவிட்டது. செப்டம்பர் மாதம் மட்டும்தான் அது திறந்திருக்கும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் (யூ.சி.) வளாகங்களில் ஆறு மட்டும், கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருடக் கல்லூரியில் இருந்து வருகிறவர்களுக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்கின்றன: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். அவற்றிலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். சொன்ன பாடங்களைச் சொன்ன ஜி.பி.ஏ.வோடு (நாலுக்கு இத்தனை என்கிற கிரேடு சராசரி) முடித்தால் இடம் நமக்கு. டேவிஸில் பொருளாதாரம் என்று போட்டேன். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியேகோவும் இந்தப் பேச்சுக்கே வருவதில்லை. எனக்கு வேண்டியது லாஸ் ஏஞ்சலஸ்தான்.

ஹைஸ்கூலில் என் ஜி.பி.ஏ. 2.7தான். அதற்கு ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன். பத்தாம் வகுப்பின் நடுவில் கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கியது, வகுப்பில் பேசுவது பாதி புரியாமல் உட்கார்ந்திருந்தது, இன்னும் பல. படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டேன். அதைக் கேட்கிற இடம் எங்குமே இல்லை.

செப்டம்பர் 24

லிவர்மோர் கோயிலில் ஒரு மாமி, "எந்த காலேஜ்ப்பா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "டி ஆன்சா. ஆனா டிரான்ஸ்ஃபர் பண்ணப் போறான்" என்று முடித்துவிட்டாள். அந்த 'ஆனா' இல்லாமல் எங்கள் வீட்டில் என் கம்யூனிட்டி காலேஜின் பெயர் வெளியே வந்ததில்லை. 1984இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மெக்கின்டாஷ் கணினியை மேடையேற்றியது இந்தக் கல்லூரியின் ஃபிளின்ட் சென்டரில்தான். அதைச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த முறை அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

இந்த ஊர்த் தமிழர்கள் டிரான்ஸ்ஃபரை ஏதோ கருணை மனு மாதிரி நினைக்கிறார்கள். 1960இல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. கிளார்க் கெர் அப்போது யூ.சி.யின் தலைவர். பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினர் யூ.சி.க்கு, மேல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கு, மற்றபடி யார் வந்தாலும் கம்யூனிட்டி காலேஜ். அங்கே நன்றாகப் படித்தால் மூன்றாம் ஆண்டில் யூ.சி. ஆக, நான் போகிற வழி முதலிலேயே போட்டு வைத்த வழி. யாரும் சந்தில் புகுந்து போகவில்லை.

அக்டோபர் 15

நாள் முழுக்க அசிஸ்ட் தளத்தில். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்குச் சமம் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. கால்குலஸ், மேக்ரோவுக்கு எகான் 1, மைக்ரோவுக்கு எகான் 2, ஆங்கிலக் கட்டுரை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு வளாகம் ஒத்துக்கொள்வதை இன்னொன்று ஒத்துக்கொள்ளாது என்பதுதான் தலைவலி. டிரான்ஸ்ஃபர் என்றால் முக்கால்வாசி இந்த வேலைதான்.

ஒரு யூனிட் 31 டாலர். ஐந்து யூனிட் கால்குலஸ் 155 டாலருக்கு முடிந்தது. அப்பா இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முதல் நாளிலிருந்தே என் கட்சி.

நவம்பர் 2

இன்று கவுன்சலர் கேட்டதை இன்னும் நம்ப முடியவில்லை.

2025 இலையுதிர் காலத்துக்கு முன் சேர்ந்தவர்களுக்கான ஐகெட்சி என்கிற பொதுப் பாடத் தொகுப்பை முடிக்க, யூ.சி.க்குப் போகிறவர்கள் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். பொதுவாக ஹைஸ்கூலில் இரண்டு வருடம் ஸ்பானிஷோ ஃபிரெஞ்சோ படித்திருப்பார்கள். நான் ஸ்பானிஷை ஒரே வருடத்தில் விட்டவன். சரி, இங்கே ஸ்பானிஷ் எடுத்தாக வேண்டும், வசந்த கால குவார்ட்டர் (பருவம்) போச்சு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் திடீரென்று, "ஆறாம் வகுப்பு எந்த மொழியில் படித்தாய்?" என்றார்.

தமிழில். ஒன்பதாவது வரைக்கும் தமிழ் மீடியம்தான்.

ஆங்கிலம் பயிற்று மொழியாக இல்லாத பள்ளியில், ஆறாம் வகுப்பு நிலையிலோ அதற்கு மேலோ இரண்டு ஆண்டுகள் தேறியிருந்தால் போதுமாம். விதியிலேயே இருக்கிறது. சான்றிதழும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கொண்டுவரச் சொன்னார்.

ராத்திரி சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "ஏல, அமெரிக்காவுல தமிழ் மீடியம் சர்டிஃபிகேட் கேக்காங்களா? வெளையாடாத" என்றார். டி.சி.யில் 'பயிற்று மொழி' என்று ஒரு வரி இருக்கும், அது தெளிவாகத் தெரிய வேண்டும், ஏழாவது எட்டாவது மார்க்கும் பள்ளி முத்திரையோடு வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். இங்கே வந்த புதிதில் மறைக்கப் பார்த்த விஷயம், இப்போது ஒரு ஸ்பானிஷ் வகுப்பையே மிச்சப்படுத்துகிறது. அம்மா சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டாள்.

நவம்பர் 19

எல்லா வளாகங்களுக்குமான பொது யூ.சி. விண்ணப்பத்தில் நான்கு கட்டுரைக் கேள்விகள். ஒன்று கட்டாயம், மூன்றை நாமே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மேல் கூடாது. ஹைஸ்கூல் கதையை ஒன்றில் நுழைத்துப் பார்த்தேன். படித்தால் அழுமூஞ்சித்தனமாக இருந்தது. எடுத்துவிட்டு, டியூட்டரிங் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுப்பதைப் பற்றி எழுதினேன். 'லிமிட்' புரியாமல் வந்த ஓர் அக்காவைப் பற்றி எழுத 350 சொல் போதவில்லை.

நவம்பர் 27

அனுப்பியாச்சு. கடைசி நாளில் தளம் திணறும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

ஜனவரி 21

இலையுதிர் கால கிரேடுகளை ஏற்றினேன். மாதக் கடைசிக்குள் செய்தாக வேண்டும், மறந்தால் விண்ணப்பமே அந்தரத்தில். சித்தப்பா அனுப்பிய கவரும் வந்துவிட்டது. தலைமை ஆசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மார்ச் 22

டேவிஸ் கிடைத்துவிட்டது. உறுதி என்று தெரிந்திருந்தும் அப்பா லட்டு வாங்கி வந்தார்.

ஏப்ரல் 20

பெர்க்லி இல்லை. பெரிதாக வலிக்கவில்லை என்று எழுத வந்தேன். வலித்தது.

ஏப்ரல் 27

லாஸ் ஏஞ்சலஸ் கிடைத்துவிட்டது!

பள்ளி முடித்து நேராக விண்ணப்பித்தால் அங்கே நூற்றுக்கு ஒன்பது பேர் போலத்தான் எடுக்கிறார்கள். டிரான்ஸ்ஃபரில் ஏறக்குறைய நாலில் ஒருவர், மேஜரை (முதன்மைப் பாடத்தை) பொறுத்து மாறும். இதைச் சொன்னதும் தம்பி, "அப்ப நானும் ஹைஸ்கூல்ல ஜாலியா இருக்கலாமா?" என்றான். அம்மா பார்த்த பார்வையில் அறைக்குப் போய்விட்டான்.

மே 26

அப்பாவுக்கு டேவிஸ்மேல் ஒரு கண். ரெண்டு மணி நேரத்தில் போய்விடலாம், சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்கு வரலாம் என்கிறார். நேற்று ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் அவரே, "போய்ட்டு வா" என்றார். ஜூன் 1 வரை அவகாசம் இருந்தாலும் உடனே லாஸ் ஏஞ்சலஸுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டேன். டேவிஸுக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

ஆனால் அனுமதி நிபந்தனையோடுதான். இந்த குவார்ட்டர் கிரேடுகள் சரிந்தால் அனுமதியை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள் போய்ச்சேர வேண்டும். புள்ளியியல் பாடத்தில் இன்னும் ரெண்டு அத்தியாயம் தொடவே இல்லை. வியாழக்கிழமை தேர்வு.