43ஆவது தாளில் வந்த தவசிமுத்து

ஞாயிறு இரவு பதினொன்றரை மணிக்கு, என் சித்திரக் கதையின் நாயகன் தவசிமுத்துவை வரைந்து பழகும் 43ஆவது தாளை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்று பார்த்தேன். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் முக்கால் பக்க முகம். மற்ற தாள்களில் இருக்கும் அதே மனிதர்தான் இவர் என்று முதன்முறையாகத் தோன்றியது. முகத்துக்கு ஒரு வாரம், உடலுக்கு ஒரு வாரம், உடைக்கும் கருவிகளுக்கும் ஒரு வாரம் என்று ஏப்ரல் தொடக்கத்தில் நான் போட்டுவைத்த கணக்கில், இந்த ஒரு கோணம் மட்டும் ஏழு வாரங்களைத் தின்றுவிட்டது.

தவசிமுத்துவுக்கு வயது 63. உடன்குடிப் பக்கத்துப் பனையேறி. நான் எழுதி வைத்திருக்கும் 24 பக்கச் சித்திரக் கதையில் அவர் பெரும்பாலும் மரத்தின் மேல்தான் இருப்பார்; அவரைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் நிற்பவள் அவருடைய பேத்தி. கதை அவள் கண் வழியாகவே நகர்வதால், 11 பக்கங்களில் அவரை அடியிலிருந்துதான் காட்டியாக வேண்டும். இது தெரிந்திருந்தும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், முக்கால் பக்கம் என்று எல்லோரையும் போலக் கண்மட்டத்தில் நான்கு நிலைகளை வரைந்து, அவற்றின் அழகில் நானே மயங்கி, இரண்டு நண்பர்களுக்கும் அனுப்பிப் பாராட்டு வாங்கிவிட்டேன். ஐந்தாவதாகக் கீழிருந்து பார்க்கும் கோணத்தை வரைய உட்கார்ந்தபோதுதான் வினை தொடங்கியது.

முதல் இருபது தாள்கள் வரை கையின் மீதுதான் பழி போட்டேன். உண்மையில் பிழை முகத்தை வடிவமைத்த இடத்திலேயே இருந்தது. அகன்ற நெற்றி, அதில் ஆழமான மூன்று கோடுகள், ஒன்று மட்டும் முழுதாக நரைத்த புருவம் என்று அவருடைய அடையாளங்கள் அனைத்தையும் நான் கண்ணுக்கு மேலேயே குவித்து வைத்திருந்தேன். தலை பின்னால் சாய்ந்ததும் அந்த நெற்றி ஒரு விரல் அகலப் பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நரைத்த புருவம் அதன் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. மிஞ்சுவது மோவாயின் அடிப்பகுதியும் இரண்டு மூக்குத் துளைகளும்தான். அவை தவசிமுத்துவுக்கும் இருக்கும், எங்கள் தெரு இஸ்திரிக்காரருக்கும் இருக்கும்.

வடிவமைப்புப் பிழை ஒருபுறம் இருக்க, கைப்பிழையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உருண்டை போட்டு, இருபுறமும் சீவி, புருவக்கோட்டையும் மூக்குக்கோட்டையும் சுற்றி வளைக்கும் அமெரிக்க ஓவியர் லூமிஸின் முறையில்தான் நானும் தலையைக் கட்டுகிறேன். கீழிருந்து பார்க்கையில் அந்தக் கோடுகள் வானவில் போல மேல்நோக்கி வளையும் என்பது தெரிந்ததுதான். கண்ணையும் மூக்கையும் அப்படித்தான் போட்டேன். ஆனால் காதுக்கு வரும்போது மட்டும், கண்மட்ட முகங்களை ஆயிரம் முறை வரைந்த பழக்கத்தில், கை தானாகவே அதைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. வளைவின் நடுப்பகுதி மேலே போனால் அதன் முனையில் தொங்கும் காது கீழே இறங்கத்தான் வேண்டும். அது இறங்காததால் என் பனையேறி அண்ணாந்து பார்ப்பவராக இல்லாமல், தாடை வீங்கியவராகவே ஒவ்வொரு தாளிலும் காட்சியளித்தார். வரையக் கற்றுத்தரும் காணொளிகளும் எனக்குக் கைகொடுக்கவில்லை. அவற்றில் அண்ணாந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் இருபது வயதுக்காரர்கள். வழித்து விட்டாற்போன்ற தாடை, சுருக்கமே இல்லாத கழுத்து.

வழி காட்டியது ஒரு பனங்காய். முனையில் நுங்கு விற்கும் அக்காவிடம் வெட்டாத காய் ஒன்றைக் கேட்டபோது, "முழுசா வாங்கிட்டுப் போயி என்னப்பா பண்ணப் போற?" என்று சந்தேகமாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அதன் இருபுறத்தையும் அரிவாள்மணையில் சீவினேன். கருத்த தோலின் மேல் சாக்பீஸால் புருவக்கோடு, மூக்குக்கோடு, நடுக்கோடு மூன்றையும் இழுத்தேன். சீவிய வட்டத்தில் காதையும் வரைந்தேன். பிறகு நூலில் கட்டி, என் கண்ணுக்கு ஓரடி மேலே துணிக்கொடியில் தொங்கவிட்டேன். காது எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்ததும் சற்று அவமானமாகவே இருந்தது. மூக்கின் அடிக்கோட்டையும் தாண்டி, வாய் இருக்க வேண்டிய மட்டத்துக்கே மடல் வந்துவிட்டிருந்தது. காயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி 16 கைப்பேசிப் படங்கள் எடுத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் சீவிய இடம் பழுப்பேறி எறும்பு மொய்த்துவிட்டது. அம்மா அதைக் குப்பைக்கு அனுப்புவதற்குள் மேலும் மூன்று தாள்கள் வரைந்துவிட்டேன்.

காது இடத்துக்கு வந்த பிறகு, அடையாளங்களையும் கண்ணுக்குக் கீழே இறக்கினேன். இளமையில் கடுக்கன் போட்டுப் பிறகு கழற்றிவிட்டதால் நீண்டு தொங்கும் காதுத் துளையை முதலில் சேர்த்தேன். அடுத்தது, இந்த ஏழு வாரத்தில் நான் மிகவும் பெருமைப்படும் கண்டுபிடிப்பு: அவர் கண்ணாடி பார்க்காமல் தானே சவரம் செய்துகொள்கிறவர். அதனால் கன்னம் வழவழப்பாக இருந்தாலும், தாடைக்கு அடியில் கத்தி படாத நரைமுடி ஒரு கைப்பிடி அளவு எப்போதும் தங்கியிருக்கும். எதிரே நின்று பேசுகிறவர்களுக்கு அது தெரியாது. மரத்தடியில் நிற்கும் பேத்திக்கு மட்டும்தான் தெரியும். இதை யோசித்த அன்றே, கதையின் ஏழாம் பக்கத்தில் இருந்த ஒரு நீண்ட உரையாடலை அடித்துவிட்டேன்.

உடலை வரைவதைப் பொறுத்தவரை, மே மாதம் கோயில் கொடைக்காக அம்மாவின் ஊருக்குப் போயிருந்தபோது, மரமேறுவதை விட்டுச் சில ஆண்டுகள் ஆன ஒரு பெரியவரிடம் என் தாள்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டியவர், மரமேறும் படத்தில் விரலை வைத்து, "எய்யா, இவன் பனை ஏறுதானா, ஏணியில ஏறுதானா?" என்று கேட்டார். நான் முழங்கால்களை முன்னால் மடக்கி வரைந்திருந்தேன். காலில் மாட்டிக்கொள்ளும் நார் வளையமான தளைநார் பாதங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கையில், உள்ளங்கால்கள் மரத்தை அணைத்துக்கொள்ள, முழங்கால்கள் தவளைக்குப் போல வெளிப்பக்கமாக விரியும் என்பதைத் திண்ணைத் தூணிலேயே அவர் செய்து காட்டினார். மார்பிலும் முன்கையின் உட்புறத்திலும் காய்த்துப்போயிருந்த தோலை அப்போதுதான் அருகில் பார்த்தேன். அது தழும்பு போல் பளபளப்பதில்லை, பழைய செருப்பின் தோல் போல மங்கலாக, ஓரத்தில் மட்டும் வெடித்திருக்கிறது. இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டியையும் நான் மிகச் சிறியதாகப் போட்டிருந்தேன். பாளை அரிவாளும் பாளையை நசுக்கும் கடிப்பும் சுண்ணாம்பும் அதற்குள் எப்படி அடங்கும் என்ற அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டியைப் பெரிதாக்கியதில் எதிர்பாராத ஆதாயமும் கிடைத்தது: உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பார்க்கும் நிழல் சோதனையில், விரிந்த முழங்காலும் அந்தப் பெட்டியும் சேர்ந்து, தவசிமுத்துவை வேறு எவரோடும் குழப்ப முடியாதபடி செய்துவிட்டன.

இனி மைக்கு வருகிறேன். வெள்ளை முடியைக் கறுப்பு மையால் வரைவதைப் போன்ற எரிச்சலூட்டும் வேலை வேறில்லை. புள்ளி வைத்தால் அம்மைத் தழும்பாகத் தெரிகிறது. குட்டைக் கோடுகள் போட்டால் கருந்தாடி ஆகிவிடுகிறது. தாடையின் அடிப்பகுதி முழுவதற்கும் நெருக்கமான கோடுகளால் நிழல் போட்டு, அதன் மேல் வெள்ளை ஜெல் பேனாவால் முடி வரைந்து பார்த்தேன். காய்ந்த இந்தியன் மையின் மேல் அந்தப் பேனா வழுக்கிக்கொண்டு போகிறது; விழுந்த இரண்டொரு கோடுகளும் சாம்பல் நிறமாக மங்கின. கடைசியில் பலித்தது, வெள்ளையை வரையாமல் விட்டுவைப்பதுதான். நிழல் கோடுகளை ஒரே இழுப்பாக இழுக்காமல், முடி இருக்க வேண்டிய இடத்தில் நிப்பைத் தூக்கி, அரை மில்லிமீட்டர் தாண்டி மறுபடி இறக்க வேண்டும். நான் வழக்கமாக மையில் தொட்டு வரையும் ஜி நிப் என்ற பேனா முனை, அழுத்தத்துக்கு உடனே விரிவதால் இறக்கும் இடத்தில் குமிழ் விழுகிறது. ஆகவே இந்த இடத்துக்கு மட்டும் நுண்கோடுகளுக்கான மாரு நிப். புது நிப்பில் உள்ள எண்ணெய்ப் பூச்சைப் பற்பசை தேய்த்துக் கழுவிய பிறகும், ஒரு பழைய தாளில் நாற்பது ஐம்பது கோடுகள் இழுத்துப் பழக்காமல் முகத்தில் வைக்கக்கூடாது. இந்த ஒரு விதியை மீறியதால்தான் 38ஆவது தாள் கெட்டது. இணையத்தில் வாங்கிய பத்து நிப்புகளில் இரண்டு, பிளவு கோணிக்கொண்டே வந்து சேர்ந்தன. திருப்பி அனுப்பும் செலவைக் கேட்டதும் பேசாமல் இருந்துவிட்டேன்.

தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலிவு என்று ஒரு கடையில் நூறு தாள்களை மொத்தமாக வாங்கினேன். பென்சிலுக்கு அருமையான தாள். மை பட்டதும் கோட்டின் இருபுறமும் வேர்விட்டுப் பரவுகிறது. இப்போது சென்னை ஆண்டர்சன் தெருவுக்கு நேரில் போய், நிப்பையும் மைப்புட்டியையும் கையோடு கொண்டுசென்று, ஓரத் துண்டில் இழுத்துப் பார்த்த பிறகே 250 ஜிஎஸ்எம் வழவழப்புத் தாள் வாங்குகிறேன். சொன்ன அளவில் வெட்டியும் தருகிறார்கள். மற்றொரு சோதனை, வரைந்ததைப் படம் எடுத்து கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் M விசையைத் தட்டி இடம்வலமாகப் புரட்டிப் பார்ப்பது. என் முகங்களெல்லாம் இடப்பக்கம் சரிகின்றன என்பதை அந்த விசைதான் சொன்னது. அதற்குப் பொறுமை இல்லாத நாட்களில் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பின்புறமாகப் பார்த்தாலும் அதே உண்மை தெரியும்.

பின்பக்க நிலைக்கு இன்னும் மை போடவில்லை. முதுகில் எலும்பு தெரிய வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்காமலேயே பேத்தியைத் தொடங்கிவிட்டேன். அவளுக்கு ஒன்பது வயது, ஆறு தலை உயரம், பெயர் இன்னும் வைக்கவில்லை. தாத்தா அவளை எப்போதும் பனை உச்சியிலிருந்து பார்ப்பதால், இந்த முறை அடையாளத்தை உச்சந்தலையில்தான் வைத்திருக்கிறேன்: அவசரத்தில் எடுத்த கோணல் வகிடு, ஒரு சடையில் மட்டும் சிவப்பு ரிப்பன். வகிடு தேரிச் செம்மணலின் நிறத்தில் மறையாமல் இருக்க வண்ணத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. நேற்று இன்னொரு பனங்காய் கேட்கப் போனேன். "இந்த வருசத்துக்கு அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அக்கா மாம்பழத்தை எடுத்துக் காட்டினார்.