புரொயிலருக்கு பியர் சக்கை: முதலில் ஈரத்தைக் கணக்குப் பாருங்கள்

பியர் வடித்தபின் மிஞ்சும் பார்லிச் சக்கையில் (பியர் சக்கை) புரதம் 20 முதல் 30 சதவீதம் என்றதும், சோயாப் புண்ணாக்குக்கு மாற்றுக் கிடைத்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள். அது காய்ந்த சக்கையின் கணக்கு. லொறியில் வருவதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். 100 கிலோவைக் காயவைத்தால் சுமார் 24 கிலோ மிஞ்சும். ஈர விலையை நாலால் பெருக்கி, விறகுச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நுவரெலியாவிலேயே பியர் வடித்த காலத்தில் சூட்டோடு அள்ளி வரலாம். இன்று கொழும்புப் பக்கத்துப் பியகம ஆலையிலிருந்து மலையேறி வருவதற்குள் புளிக்கத் தொடங்கிவிடும். லேசான புளிப்பு வாடை பரவாயில்லை. பூசணம் ஒரு பிடி தெரிந்தாலும் மூட்டையோடு புதைத்துவிடுங்கள். மேலே வழித்துவிட்டுக் கொடுத்தால் கோழியின் ஈரல் கெடும். பூசண நஞ்சு வறுத்தாலும் போகாது.

காயவைப்பதுதான் நமக்குப் பெரும்பாடு. சாக்கில் கட்டி, கல் ஏற்றி மூன்று மணி நேரம் வடியவிடுங்கள். பிறகு படங்கில் ஒரு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, மணிக்கொரு தடவை கிளறுங்கள். ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் வெயிலை நம்ப முடியாது; அதே மாதங்களில் பதுளையில் நன்றாகக் காயும். மூட்டமான நாளில் இரும்புத் தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுக்கலாம். கரும்பழுப்பாக விட்டால் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் வீணாகிவிடும். பதமாகக் காய்ந்த சக்கையைக் கையில் இறுக்கி விட்டால் பொலபொலவென உதிரும். உமியைக் கடித்தால் நறுக்கென்று உடையும். அதை 3 மில்லிமீட்டர் சல்லடையில் அரைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோழி உமியை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பொறுக்கும்.

முதல் மூன்று வாரம் குஞ்சுக்கு இது வேண்டவே வேண்டாம். நார் 15 சதவீதத்துக்கு மேல், அந்தக் குடல் தாங்காது. நாலாம் வாரம் 48 கிலோ தீனுக்கு 2 கிலோ பொடி. ஐந்தாம் வாரத்திலிருந்து 46 கிலோவுக்கு 4 கிலோ. சக்கையில் சக்தி குறைவு, கிலோவுக்கு 2,100 கிலோகலோரி அளவுதான். ஃபினிஷர் (கடைசிக் கட்டத்) தீனில் 3,100 வரும். அந்தக் குறையை ஈடுகட்ட, 4 கிலோ பொடி சேர்த்த கலவைக்கு 700 கிராம் தேங்காய் எண்ணெய் பிசறுங்கள். எண்ணெயை மிச்சம்பிடித்தால் எடை ஏறாது.

பத்து சதவீதத்தைத் தாண்டினால் எச்சம் இளகி, கூட்டுத் தரையில் பரப்பிய மரத்தூள் நனையும். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் படங்கை இறக்கி மூடும் நம் கூடுகளில் அமோனியா கண்ணை எரிக்கும். உயரத்தில் ஏற்கெனவே ஒட்சிசன் குறைவு. அதோடு இதுவும் சேர்ந்தால் வயிற்றில் நீர் கோத்துக் கோழி சாகும்.

பியர் தொட்டியின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டி கிடைத்தால் நன்றாகக் கொதிக்கவைத்துக் காயவைத்த பிறகே, 50 கிலோ தீனுக்கு அரைக் கிலோ. உயிரோடு உள்ள ஈஸ்ட் குடலுக்குள் புளித்துக் காற்றடைக்கும். காயவைக்க முடியாமல் மிஞ்சும் ஈரச் சக்கையை நாளைக்கென்று வைக்காதீர்கள். அன்றைக்கே மாட்டுக்குப் போடுங்கள்.