நடுவர் பில் ஹாரிகன்

ரக்பி லீக் (அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி) என்றால் எல்லோரும் ஆட்டக்காரர்களைத்தான் கொண்டாடுகிறோம். எனக்கு நடுவர் பில் ஹாரிகன் மேல் தனி மரியாதை. சிட்னியில் போலீஸ்காரராக இருந்தவர். 1986 முதல் 2003 வரை 393 முதல்தர ஆட்டங்கள், அதில் 10 இறுதிப் போட்டிகள்!

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் 1999 இறுதிப் போட்டியைச் சொல்லியே ஆகணும். மைதானத்தில் 1,07,999 பேர். கடைசி நிமிடங்கள். செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா அணி மெல்போர்னை விட 18-14 என முன்னிலை. மெல்போர்னின் கிரெய்க் ஸ்மித் எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைப் பிடித்த நொடியில் எதிரணி வீரரிடமிருந்து தலைப்பக்கம் ஓர் அடி, பந்து நழுவிவிட்டது. ஹாரிகன் அவசரப்படவில்லை, வீடியோ நடுவரிடம் கேட்டார். பெனால்டி டிரை! அதாவது, தவறான தடுப்பால் கைநழுவிய 4 புள்ளி ஸ்கோரை (டிரை) அப்படியே கொடுத்துவிடுவது. கூடுதல் 2 புள்ளிகளுக்குக் கம்பங்களுக்கு நேரெதிரே இருந்து உதை. 20-18, கோப்பை மெல்போர்னுக்கு.

அடுத்த வருடம் குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில், தன்னை ஏமாற்றுக்காரர் என்று திட்டிய குயின்ஸ்லாந்து வீரர் கோர்டன் டாலிஸை வெளியே அனுப்பினார். எவ்வளவு பெரிய நட்சத்திரம் என்று பார்க்கவில்லை. குயின்ஸ்லாந்து ரசிகர்கள் கோபித்தாலும் சரி, நான் ஹாரிகன் பக்கம்தான்.