காணிக்கைக் கவரில் எழுதும் காரணம்

தென் மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வளர்ந்தவர்களுக்கு ஸ்தோத்திர காணிக்கைப் பட்டியலைத் தெரியாமல் இருக்காது. ஆண்டவருக்கு நன்றியாகக் கவரில் பணம் போட்டு, எதற்காக என்று அதன்மேல் எழுதிக் கொடுப்பவர்களின் பட்டியல் அது. அறிவிப்பு நேரத்தில் வாசிப்பார்கள்: பிறந்தநாள், திருமண நாள், சுகப்பிரசவம், பிரயாணத்தில் பாதுகாத்ததற்காக, மகள் பிளஸ் டூ பாஸானதற்காக, போர்வெல்லில் தண்ணீர் கிடைத்ததற்காக, அப்புறம் பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, ஐம்பது ரூபாய். ஆராதனை ஏற்கனவே நீளம், இதையும் வாசிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் எல்லா சபையிலும் உண்டு. எனக்கு அதில் சம்மதமே இல்லை. தொகையை வாசிக்க வேண்டாம், சரி, ஐம்பது ரூபாய் போட்டவர் கூசிப்போகத் தேவையில்லை. காரணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

“செய்த எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், யோசிக்கவே வேண்டாம். கவரில் பேனாவால் எழுத வேண்டும் என்றால்தான் உட்கார்ந்து, இந்த மாதம் அவர் என்னதான் செய்தார் என்று திரும்பிப் பார்க்கிறோம்.

வேதாகமத்தில் 136-ஆம் சங்கீதம் என்ற துதிப்பாடலும் இப்படி ஒரு பட்டியல்தான். 26 வசனங்கள், ஒவ்வொன்றும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று முடிகிறது. வானம், சூரியன், சந்திரன் என்று போய், செங்கடல், பார்வோன், வனாந்தரம் என்று வந்து, எமோரியரின் ராஜா சீகோன், பாசானின் ராஜா ஓக் என்று வீழ்த்தப்பட்ட எதிரிகளைக்கூடப் பேர் சொல்லியே நன்றி சொல்கிறார்கள். முடிவதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள், மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்று வருகிறது. கடல் பிளந்ததும் மத்தியானச் சோறும் ஒரே வரிசையில்!

ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து சொல்லும் நம்முடைய சாட்சி நேரத்தில் அந்தச் சோறு வருவதில்லை என்பதுதான் என் வருத்தம். லாரி மோதியும் தப்பியது, டாக்டர் கைவிட்ட பிறகு பிழைத்தது, விசா கிடைத்தது. எல்லாம் உண்மைதான், கேட்கும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் அதே பெஞ்சில், இப்படிச் சொல்ல எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் சபையில் ஓர் அக்கா கணவரை இழந்தார். ஐ.சி.யூ. வாசலில் நாங்களும் நின்று ஜெபித்தோம், நாங்கள் கேட்டபடி நடக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் அவர் கொடுத்த கவரில் இருந்தது: “ஒரு மாதமும் வாடகை தவறாமல் நடத்தினதற்காக.” கணவர் போனதற்காக ஸ்தோத்திரம் என்று அவர் எழுதவில்லை, அப்படி எழுதச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. நம் ஊரில் வீடுகளுக்கெல்லாம் எபெனேசர் (உதவியின் கல்) என்று பெயர் வைக்கிறோமே, தீர்க்கதரிசி சாமுவேல் அந்தக் கல்லை நிறுத்தி “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்” என்றபோது எதிரே நின்றதும், எதிரிகளான பெலிஸ்தரிடம் ஒருமுறை தேவனுடைய உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்து அழுத இஸ்ரவேல் ஜனம்தான். இழந்ததும் உண்மை, உதவி வந்ததும் உண்மை.

லூக்கா சுவிசேஷம் 17-ஆம் அதிகாரத்தில் வரும் பத்து குஷ்டரோகிகளையும் இயேசு தொட்டதாக எழுதியில்லை. ஆசாரியரிடம் போய்க் காண்பியுங்கள் என்றார், அவ்வளவுதான், வழியில் நடந்து போகும்போதே சுத்தமானார்கள். தேவனுடைய செய்கைகளில் பெரும்பாலானவை இப்படித்தான், நாம் போய்க்கொண்டிருக்கும்போதே நடந்துவிடுகின்றன, பெரும்பாலும் யாராவது ஒருவருடைய கை வழியாக. அந்த அக்காவுக்கு வாடகை வானத்திலிருந்து விழவில்லை, தம்பி பாதி கொடுத்தார், மீதி தையல் மெஷினில் வந்தது.

வீட்டில் சனிக்கிழமை இரவு குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளிடமும் காரணம் கேட்கிறேன். “எல்லாத்துக்கும்” என்றால் விடுவதில்லை. போன வாரம் சின்னவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மழையில் வேன் டிரைவர் அண்ணா குடை பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டதைச் சொன்னான். அதையே கவரில் எழுதினோம். திங்கட்கிழமை அந்த அண்ணாவிடமும் நன்றி சொல்லச் சொல்லி அனுப்பினேன், ஆண்டவரிடம் சொல்லியாயிற்று என்று மனிதரை விட்டுவிடக் கூடாது இல்லையா.