பட்டியல் முதலில், கூப்பன் அப்புறம்

கணவருக்கு எட்டு மாதம் வேலை இல்லாமல் போன வருடத்தில்தான் கூப்பன் சேர்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் பில்லோடு வரும் சீட்டைக் கடை வாசலிலேயே குப்பையில் போட்டுவிடுவேன். அந்த வருடம் ஒவ்வொரு சீட்டும் கண்ணுக்குப் பணமாகவே தெரிந்தது. செய்தித்தாளில் வந்தது, பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்தது, கடையின் செயலியில் வந்தது என்று எதையும் விடவில்லை.

முதல் மூன்று மாதம் மளிகைச் செலவு குறையவே இல்லை. ஒரு ராத்திரி பில்களை எல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்தபோதுதான் காரணம் புரிந்தது. தரை துடைக்கும் திரவம் மூன்று பாட்டில், யாருக்கும் பிடிக்காத வாசனையில் ஆறு சோப்பு, கட்டி தட்டிப்போன துணி பவுடர். எல்லாமே தள்ளுபடியில் வாங்கியவை. கூப்பன் இல்லாவிட்டால் அதில் ஒன்றைக்கூட கூடையில் எடுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் அலமாரியைத் திறந்து எது தீர்ந்திருக்கிறது என்று பார்த்து பட்டியல் எழுதுவேன். அப்புறம்தான் கூப்பன் வைத்திருக்கும் பழைய டைரியை எடுப்பேன். பட்டியலில் இருக்கும் பொருளுக்குச் சீட்டு இருந்தால் அதன் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி. மற்ற சீட்டெல்லாம் டைரிக்குள்ளேயே கிடக்கும். சீக்கிரம் காலாவதி ஆகிறவை மேலே, மற்றவை கீழே.

கூப்பன் என்ற சொல்லே ‘வெட்டு’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினைச்சொல்லில் இருந்து வந்தது. 1880-களின் கடைசியில் அமெரிக்காவில் கோகோ கோலாவுக்கு ஒரு கோப்பை இலவசம் என்று சீட்டு கொடுத்தார்கள். ருசி பார்த்தவர் அடுத்த முறை காசு கொடுத்துக் குடிப்பார் என்பதுதான் கணக்கு. இன்றைக்கும் பெரும்பாலான கூப்பன்கள் அதே வேலையைத்தான் செய்கின்றன. புதிதாக வந்த பொருளை எடுக்க வைக்கும், அல்லது ஒரு பிராண்டில் இருப்பவரை இன்னொன்றுக்கு இழுக்கும். அதனால்தான் பிராண்ட் இல்லாமல் எடை போட்டு விற்கும் பொருட்களுக்குக் கூப்பன் அபூர்வம். அங்கே மிச்சம் பிடிக்க விலையை விசாரித்து வாங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் அதிகம் ஏமாந்தது அதில்தான். 20 சதவீதத் தள்ளுபடி, அதன் மேல் இன்னொரு 10 சதவீதம் என்றால் மொத்தம் 30 என்று மனசு சொல்லும். 100 முதலில் 80 ஆகிறது, அந்த 80-இல் 10 சதவீதம் போனால் 72. ஆக, 28 சதவீதம்தான். ‘இரண்டாவது பாதி விலை’ என்பது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 25 சதவீதம். ‘மூன்று எடுத்தால் இரண்டுக்குக் காசு’ என்பது 33 சதவீதத்துக்கு மேல், ஆனால் மூன்றும் தேவைப்பட்டால் மட்டுமே.

எல்லாவற்றையும் விட, குறைந்தபட்ச பில் தொகை கேட்கும் கூப்பனிடம் கவனமாக இருங்கள். அந்தத் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். என் பட்டியல் 70-இல் முடிகிறது, கூப்பன் 10 குறைக்கிறது. மீதி 30-க்கு எதையாவது எடுத்துப் போட்டால் 90 கொடுத்துவிட்டு வருகிறேன். கூப்பன் இல்லாமல் 70-இல் முடிந்திருக்கும். அடுத்த வாரம் எப்படியும் வாங்க வேண்டிய, கெட்டுப்போகாத பொருள் ஏதாவது இருந்தால் மட்டும் அந்த 30-ஐ நிரப்புவேன். இல்லாவிட்டால் கூப்பனை விட்டுவிடுவேன். ஆரம்பத்தில் அப்படி விடுவது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

குறிப்பிட்ட தொகை குறையும் சீட்டு சின்ன பாக்கெட்டில்தான் அதிகம் எடுபடும். எந்த அளவுக்குச் செல்லும் என்று சீட்டிலேயே போட்டிருக்கும், அதை முதலில் படித்துவிட வேண்டும். பிறகு 100 கிராமுக்கு எவ்வளவு ஆகிறது என்று இரண்டு பாக்கெட்டுக்கும் போட்டுப் பார்ப்பேன். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தவள் நான். கூப்பன் சேர்ந்தபோது பல தடவை சின்னதுதான் ஜெயித்தது. டைரியின் கடைசிப் பக்கங்களில் அடிக்கடி வாங்கும் பொருட்களின் விலையைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி போட்டால் அதில் தெரிந்துவிடும்.

தயாரிப்பாளர் தரும் கூப்பன் வேறு, கடை தரும் கூப்பன் வேறு. முதலாவதற்கான பணத்தைத் தயாரிப்பாளர் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் சில கடைகளில் ஒரே பொருளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஒருமுறை நான் கொடுத்த இரண்டு சீட்டைக் கழிக்காமலே பில் போட்டுவிட்டார்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். இப்போது கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் பில்லை வரி வரியாகப் பார்க்கிறேன். பின்னால் நிற்பவரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்வதில் எனக்குக் கூச்சம் போய்விட்டது.

செயலியில் மட்டும் வரும் தள்ளுபடிகள் எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கின்றன. அதே பொருள், அதே அலமாரி, ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு மட்டும் கூடுதல் விலை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இருப்பது பட்டன் போன். ஓய்வூதியத்தில் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவு செய்கிறவருக்கு அந்தத் தள்ளுபடி கிடைப்பதில்லை. அதனால் சனிக்கிழமை காலையில் என் பட்டியலோடு அவர் பட்டியலையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறேன். அவருக்குச் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் வழக்கம். எனக்குப் பயன்படும் என்று தோன்றும் சீட்டுகளை ஓரம் கிழியாமல் வெட்டி, கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்திருப்பார்.