ஸ்டெப்னி வந்து சேரவில்லை

அக்டோபர் 2
கனடாவின் வடமேற்கில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. டாசன் பக்கத்திலிருந்து இனுவிக் வரை கிட்டத்தட்ட 740 கி.மீ., ஏறக்குறைய முழுக்க ஜல்லிதான். மதியம் பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. கழற்றிப் பார்த்தால் பக்கவாட்டில் பிளேடால் கீறியதுபோல் ஒரு கோடு, அதற்குள் பாக்கு அளவில் ஒரு கற்சில்லு. ஸ்டெப்னியை மாட்டினேன். ராத்திரி ஈகிள் பிளெயின்ஸ் விடுதியிலிருந்து வைட்ஹார்ஸ் நகரத்துக்குப் போன் போட்டு வேறு டயர் சொன்னேன். லாரியில் வருமாம்.

அக்டோபர் 3
பீல் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. வடத்தைப் பிடித்து நகரும் படகில் வண்டியோடு ஏற வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஏற இறங்க, கரையில் லோடர் ஜல்லியைத் தள்ளி இறங்குதுறையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்கிறது. மெக்கன்சி ஆற்றில் இன்னொரு படகு. இரவு இனுவிக்.

அக்டோபர் 7
நண்பர் வண்டியில், இனுவிக்குக்கு வடக்கே ஆர்க்டிக் கடலோரம் இருக்கும் டக்டோயாக்டக் போனோம். 2017 நவம்பரில் திறந்த சாலை, சுமார் 138 கி.மீ. அதற்கு முன் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றிலும் கடலிலும் ஓட்டிப் போவார்கள். மற்ற மாதங்களில் விமானம் அல்லது படகு.

நம் ஊரில் சாலை என்றால் முதலில் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவார்கள். இங்கே மண்வெட்டியே ஆகாது. பாசியும் புல்லும் மூடிய மேல்தோலை எடுத்துவிட்டால் அடியில் உறைந்து கிடக்கும் மண் இளகி, சேறாகி உட்கார்ந்துவிடும். அதனால் தரைமேல் அப்படியே துணி மாதிரி ஒரு விரிப்பைப் போட்டு, அதன்மேல் மண்ணையும் ஜல்லியையும் கொட்டியிருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில், இருட்டில். கோடையில் லாரி இறங்கினால் நிலம் தாங்காது.

ஓரிடத்தில் இறங்கி நடந்தேன். சாலை ஓரத்தை ஒட்டியே நீளமாக ஒரு விரிசல், விரலை விட்டால் உள்ளே போகிறது. பனி ஒதுங்கிக் குவியும் சரிவு அது. பனி கம்பளி மாதிரி. குளிரை மண்ணுக்குள் இறங்கவிடாது, சாலையின் ஓரம் உள்ளுக்குள் இளகும். பனியே சாலைக்கு எதிரி என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அக்டோபர் 24
ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்து வருகின்றன, படகு நிறுத்தம். ஆறு முழுசாக உறைந்து, வண்டி தாங்கும் தடிமனுக்கு வர டிசம்பர் ஆகலாம். அதுவரை தக்காளியும் கீரையும் விமானத்தில்தான். விலையைப் பார்த்துவிட்டுத் தக்காளியைத் திரும்ப வைத்தேன்.

அக்டோபர் 26
டயர் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. பீல் ஆற்றைக் கடைசி நடையில் கடந்து, ஃபோர்ட் மெக்ஃபர்சனில் ஒரு கொட்டகையில் கிடக்கிறதாம். நடுவே மெக்கன்சி. விமானத்தில் போடலாமா என்று கேட்டேன். கூலி டயர் விலையைத் தாண்டுகிறது. சரி, கிடக்கட்டும்.